கஷ்டத்துல இருக்கற விசுவாசிகிட்ட என்ன பேசோணும்ங்க?

பனியன்_ஊர்_அக்கா (திருப்பூர்)
எல்லாருக்கும் ஸ்தோத்திரம்ங்க. இதைப் பத்தி நாலு பேருகிட்ட பேசோணும்னு ரொம்ப நாளா மனசுல இருக்குது. 2025 ஆகஸ்ட்டுல அமெரிக்காக்காரன் நம்ம சரக்கு மேல போடற வரிய 50 சதவீதமா ஏத்துன பொறகு எங்கூரு என்ன ஆச்சுன்னு இந்தப் பக்கத்து ஆளுகளுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒன்றரை ஷிப்ட் ஓடிட்டு இருந்த லைனு ஒரு ஷிப்ட் ஆச்சு, சனிக்கிழமை சம்பளக் கவரு மெலிஞ்சு போச்சு, சில கம்பெனில "ஆர்டர் வந்தா கூப்புடறோம்"னு அனுப்பிச்சுட்டாங்க. எங்க சபையில முக்கால்வாசிப் பேரு டெய்லரு, செக்கிங், அயர்னிங், பேக்கிங்னு போற சனம்தான். ஞாயித்துக்கிழமை வந்து கை தட்டிப் பாடறாங்க, சாட்சி நேரத்துல எந்திரிச்சு நல்லாத்தான் பேசறாங்க, ஆனா ஆராதனை முடிஞ்சு வெளிய வந்து செருப்பு மாட்டறப்ப முகத்தைப் பாத்தா குழு லோனு நாளைக்கு கட்டோணுமேங்கற வெசனம் அப்படியே எழுதி ஒட்டியிருக்குதுங்க.

நாம என்ன பண்றோம்? காலைல அஞ்சு மணிக்கு வாட்சப் குரூப்புல வாக்குத்தத்த வசனம் ஒண்ணு பூப்படத்தோட. யாராவது கஷ்டம்னு சொன்னா "கர்த்தர் பாத்துக்குவாருங்க்கா, ஜெபம் பண்ணுங்க". கர்த்தர் பாத்துக்குவாருங்கறதுல எனக்கு துளி சந்தேகமில்லை, என் பொளப்பே அதுக்கு சாட்சி. ஆனா அதைச் சொல்லிட்டு நாம நடைய கட்டிடறோமே, அதுதான் எனக்கு உறுத்துது.

வேதத்துல 1 இராஜாக்கள் 19ம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்க. எலியா தீர்க்கதரிசி சூரைச்செடிக்கு கீழ படுத்துக்கிட்டு "போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்"ங்கறாரு. பாகால் தீர்க்கதரிசிகள ஜெயிச்ச மனுசன் பேசற பேச்சுங்க இது. அங்க வந்த தூதன் அவரைத் திட்டல, பிரசங்கமும் பண்ணல. தட்டி எழுப்பி சாப்பிடச் சொல்றாரு. தழல்ல சுட்ட அடையும் ஒரு பாத்திரத்துல தண்ணியும் தலைமாட்டுல இருக்குது. சாப்பிட்டுட்டு மறுபடியும் படுத்துக்கறாரு, அதுக்கும் ஒண்ணும் சொல்லல, மறுபடி எழுப்பி மறுபடி சாப்பாடு, "நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்"னு ஒரே ஒரு வார்த்தை. "எலியாவே, இங்கே உனக்கு என்ன காரியம்"ங்கற கேள்வியெல்லாம் ஓரேப் மலைக்குப் போன பொறகுதான் வருது. ஆண்டவரே மொதல்ல சோத்தைக் குடுத்துட்டு பொறகு பேசறாருன்னா நாம எந்த முறையில போகோணும்? நீங்க உங்க சபையில எப்படி பண்றீங்கன்னு சொல்லுங்க.

ஜெபவீரன்_கோவை
பிரைஸ் த லார்ட் சிஸ்டர். சோறு குடுக்கறது நல்லதுதான், நான் இல்லேன்னு சொல்லல. ஆனா விசுவாச அறிக்கைய விட்டுடக்கூடாதுங்க. "மரணமும் ஜீவனும் நாவின் அதிகாரத்திலிருக்கும்"னு நீதிமொழிகள் 18:21 சொல்லுது. கஷ்டம் கஷ்டம்னு பேசிட்டே இருந்தா அதுலயே முங்கிப் போயிடுவோம். எங்க ஜெபக்குழுவுல யாராவது சோர்ந்து வந்தா மொதல்ல வாக்குத்தத்தத்தை சத்தமா சொல்ல வெப்போம். சொல்லச் சொல்ல உள்ளுக்குள்ள பெலன் வர்றத கண்ணால பாத்திருக்கேன். பக்கத்துல உக்காந்து நாமளும் அழுதுட்டே இருந்தா யாரு தூக்கி விடறது?

தாராபுரம்_வாத்தியார்
தம்பி ஜெபவீரன், வசனத்தைச் சத்தமா சொல்றதுல உள்ள பெலன் உண்மைதான், நானும் அப்படித்தான் தினமும் ஆரம்பிக்கறேன். ஆனா ஒண்ணு யோசிச்சுப் பாரு கண்ணு. சங்கீத புஸ்தகத்தை ஜெபப் புஸ்தகமா நமக்குக் குடுத்தவரே ஆண்டவர்தான். அதுல எத்தனை பாட்டு அழுகைங்கற! "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்"னு 13ம் சங்கீதம் ஆரம்பிக்குது. 88ம் சங்கீதம் இன்னும் ஒரு படி மேல, மொத வசனத்துல "என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே"ன்னு கூப்புட்டதோட சரி, கடைசி வரைக்கும் ஒரு ஆறுதல் வார்த்தை கெடையாது. கடைசி வசனத்துல அவர் சொல்ற வேதனை என்னன்னா சிநேகிதனும் தோழனும் தூரமாப் போயிட்டாங்க, தெரிஞ்சவங்க மறைஞ்சு போயிட்டாங்கங்கறதுதான். அதையும் ஆண்டவர்கிட்டத்தான் சொல்றாரு பாத்தியா. நம்பிக்கை இல்லாதவன் ஆண்டவர்கிட்ட கோவிச்சுக்க மாட்டான், பேசாம எந்திரிச்சுப் போயிடுவான்.

எல்லாத்தையும் எழந்து நின்ன யோபு சங்கதியும் அப்படித்தான். மூணு சிநேகிதரும் வந்து ஏழு நாள் ராப்பகலா வாயே தொறக்காம தரையில ஒட்டுக்கா உக்காந்திருந்தாங்களே, அதுதான் அவங்க செஞ்ச உருப்படியான காரியம். வாயத் தொறந்து அவங்க சொன்ன வேதாந்தம் பூராவும் கேக்கறதுக்கு பக்தியாத்தான் இருக்கும். ஆனா 42ம் அதிகாரத்துல ஆண்டவர் "என் தாசனாகிய யோபு பேசினதுபோல், நீங்கள் என்னைக்குறித்து நிதானமாய்ப் பேசவில்லை"ன்னு சிநேகிதங்க மேலதான் கோவப்படறாரு. அத்தனை புலம்புன யோபு தப்பிச்சுக்கிட்டாரு, பக்தியாப் பேசுனவங்க மாட்டிக்கிட்டாங்க. ஆறுதல் சொல்லப் போற ஒவ்வொருத்தரும் போறதுக்கு முன்னால இந்த அதிகாரத்தைப் படிச்சுட்டுத்தான் வாசப்படி தாண்டோணும்.

பொள்ளாச்சி_தோப்பு
வணக்கமுங்க, ஸ்தோத்திரம். நானு ஆனைமலை பக்கம் தென்னந்தோப்புக்காரன். தென்னைய தாக்கற சுருள் வெள்ளை ஈ இந்தியாவுலயே மொதல்ல 2016ல எங்க பொள்ளாச்சிலதான் கண்டாங்க, அதுல கருத்துப்போன ஓலை தெளியறதுக்குள்ளயே கேரளா வாடல் நோயி வந்துருச்சு. வெள்ளை ஈக்கு மஞ்சள் ஒட்டுப்பொறி கட்டுனோம், தண்ணிய பீச்சியடிச்சோம், யுனிவர்சிட்டிக்காரங்க சொன்ன ஒட்டுண்ணி விட்டோம். வாடல் வந்த மரத்துக்கு மருந்தே கெடையாதுங்க, வெட்டித்தான் போடோணும். அப்பாரு கையில வெச்ச மரத்த நாமளே நின்னு வெட்டறது எப்படி இருக்கும்னு சொல்லத் தெரியல.

அப்ப எனக்கு ஆபகூக் 3ம் அதிகாரம்தான் பிடிப்பா இருந்துச்சு. "அத்திமரம் துளிர்விடாமற்போனாலும்"னு ஆரம்பிச்சு திராட்சை இல்லீன்னாலும், ஒலிவமரம் பொய்ச்சாலும், வயக்காடு வெளையாட்டியும், கெடையில ஆடு இல்லீன்னாலும், தொழுவத்துல மாடு இல்லீன்னாலும்னு ஒரு விவசாயி வெச்சிருக்கற அத்தனையும் ஒண்ணொண்ணா எண்ணிச் சொல்றாரு. எல்லாமே திரும்பி வந்துரும்னு அவரு சொல்லவே இல்லீங்க. "நான் கர்த்தருக்குள் மகிழ்ச்சியாயிருப்பேன்"ங்கறாரு, அவ்வளவுதான். நம்பிக்கைன்னா மரம் பொழைச்சுக்கும்னு நம்பறதுன்னு சின்ன வயசுல நெனைப்போம், ஆனா மரம் போன பொறகும் அவரு என்னைய விடமாட்டாருங்கறதுதான் எனக்கு கெட்டியா நிக்குது.

இன்னொண்ணும் சொல்லோணும். மரம் வெட்டுன அன்னிக்கு எங்க சபை ஆளுக ரெண்டு பேரு காலைலயே தோப்புக்கு வந்து கயிறு புடிச்சாங்க. வசனம் எதுவும் சொல்லல. மத்தியானம் ஒட்டுக்கா உக்காந்து அரிசிபருப்பு சோறு தின்னுட்டு, ஊடுபயிரா என்ன போடலாம்னு பேசிட்டுப் போனாங்க. அன்னைக்கு ராத்திரிதான் நெம்ப நாளைக்கு அப்பறம் நானா முழங்கால் போட்டேன்.

கருமத்தம்பட்டி_அன்பியம்
நான் கத்தோலிக்கருங்க, கருமத்தம்பட்டி பங்கு. இங்க எல்லாரும் சபை சபைன்னு பேசறீங்க, எங்க பக்கத்துல இதை எப்படி பண்றோம்னு சொல்லலாம்னு வந்தேன். பங்குல தெருவாரியா அன்பியம் இருக்குது, மாசத்துக்கு ஒருக்கா ஒவ்வொரு ஊட்டுல கூடி ஜெபமால சொல்லி வசனம் வாசிப்போம். கோயிலுக்குள்ள நூறு பேருக்கு நடுவுல தெரியாத வெசனம் ஊட்டுக்குள்ள உக்காந்தா தெரிஞ்சிரும், அடுப்படியப் பாத்தாலே தெரியும். இன்னொண்ணு ஏழைகளுக்கு உதவற வின்சென்ட் தே பவுல் சபை. இது 1833ல பாரிஸ்ல பிரடெரிக் ஓசானாம்னு இருபது வயசு காலேஜ் பையன் கூட்டாளிகளோட ஆரம்பிச்சது. அவங்க முறையில முக்கியமானதே ஊட்டுக்குப் போயி பாக்கறதுதானுங்க. பணத்தைக் குடுத்தனுப்பிச்சா போதும்னு விடறதில்லை, ரெண்டு ரெண்டு பேரா நேருல போகோணும், உக்காரோணும், அவங்க பேசறதக் கேக்கோணும். யாருக்கு என்ன குடுத்தோம்ங்கறத வெளிய சொல்லக்கூடாது. அக்கா கேட்ட கேள்விக்கு எனக்குத் தெரிஞ்ச பதிலு, ஊட்டுக்குப் போங்க, தனியாப் போகாதீங்க, வெளிய பேசாதீங்க.

நாசரேத்து_மாப்ள (இப்ப திருப்பூர்)
எனக்கு சொந்த ஊரு நாசரேத் பக்கம், பொழப்புக்கு வந்து திருப்பூர்லயே செட்டில் ஆயாச்சு. மேல சொன்ன "வெளிய பேசாதீங்க"ங்கதுக்கு நூறு லைக். ஜெபக்குறிப்புன்னு சொல்லிட்டு அடுத்தவங்க குடும்ப விஷயத்தை குரூப்ல போடுதாங்க பாருங்க, அது எனக்கு சுத்தமா ஆகாது. "இன்ன சிஸ்டர் வீட்ல கடன் பிரச்சன, ஜெபிச்சுக்கோங்க"ன்னு போட்டா சாயங்காலத்துக்குள்ள அது சபை பூரா சுத்தி வந்துரும், அந்த சிஸ்டர் அடுத்த வாரம் எப்படி வருவாங்க? ஜெபத்துக்கு ஆண்டவருக்கு டீட்டெயில் தேவையில்ல. பேரு கூட வேண்டாம், "ஒரு குடும்பத்துக்காக"ன்னா போதும்.

அப்புறம் யாக்கோபு 2:15, 16 எல்லாருக்கும் தெரியும், வஸ்திரமும் சாப்பாடும் இல்லாதவன்கிட்ட "சமாதானத்தோடே போங்கள், குளிர்காய்ந்து பசியாறுங்கள்"னு சொல்லி அனுப்பிட்டா என்ன பிரயோஜனம்னு கேக்காரு. இப்ப நம்ம ஊர்ல அந்த வஸ்திரம்ங்கது வேலைதான். எந்த கம்பெனில டெய்லர் எடுக்காங்க, எங்க பீஸ் ரேட் பரவால்ல, எந்த காண்ட்ராக்ட்காரரு சம்பளத்த இழுத்தடிக்க மாட்டாருன்னு தெரிஞ்சா அதைச் சொல்லுங்க. நாங்க வாலிபர் கூட்டத்துல ஜெபம் முடிஞ்சதும் இதுக்குன்னே கொஞ்ச நேரம் ஒதுக்குதோம். ஒடிசா, ஜார்கண்ட் பையங்க இந்தி ஆராதனைக்கு வாராங்க, அவங்களுக்கு ரூம் வாடகை, ஆஸ்பத்திரி எங்க போகணும்னு எதுவுமே தெரியாது, அவங்களையும் மறந்துராதீங்க.

ஈரோடு_நர்ஸ்
என் பங்குக்கு ஒண்ணே ஒண்ணுதான், ஆனா முக்கியமானதுங்க. சோர்வு எல்லாமே விசுவாசக் குறைவு கெடையாது. ராத்திரி தூக்கம் இல்லை, சாப்பாடு எறங்கல, எதுலயும் பிடிப்பு இல்லை, இருக்கறதே வீண்ங்கற பேச்சுன்னு ரெண்டு வாரத்துக்கு மேல போனா அது டாக்டர் பாக்க வேண்டிய சீக்கு. சுகருக்கு மாத்திர போடறவங்கள "உனக்கு விசுவாசம் இல்லை"ன்னு நாம சொல்றதில்லையே, மனசுக்கு மாத்திர போட்டா மட்டும் ஏன் சொல்றோம்? அரசாங்கத்தோட மனநல உதவி போன் டெலிமானஸ் 14416க்கு எந்நேரமும் கூப்பிடலாம், காசு இல்லை, தமிழ்லயே பேசுவாங்க. ஜெபமும் பண்ணுங்க, கூட்டிட்டும் போங்க. சாகோணும் போல இருக்குதுன்னு யாராவது வாய் விட்டு சொன்னா அன்னைக்கு அவங்கள தனியா விடாதீங்க.

தறிக்காரன்
நான் இங்க எழுதுனதில்லை, படிச்சுட்டுப் போயிருவேன். இன்னைக்கு எழுதோணும்னு தோணுச்சு. பல்லடம் பக்கம், விசைத்தறி, ஜாப் ஒர்க். 2025ல கூலி உயர்வு கேட்டு தறிய நிறுத்தி வெச்சமே அப்பவே கைக்காசு பூராவும் தீந்து போச்சு, பொறகு ஓட்டியும் கரண்டு பில்லுக்கும் வட்டிக்கும் பத்தல, கொஞ்சம் தறிய ஒடைச்சு பழைய இரும்புக்குப் போட்டாச்சு. சபைக்குப் போறத நிறுத்திட்டேன். விசுவாசம் போயிருச்சுன்னு பேசிக்கறாங்களாம். அப்படி இல்லீங்க. காணிக்கைப் பை பக்கத்துல வர்றப்ப போட ஒண்ணுமில்லாம அதை அடுத்தவன் கையில குடுக்கறது ஒரு மாதிரி இருக்குது. அப்பறம் வாசல்ல எல்லாரும் "எப்படி இருக்கீங்க பிரதர்"ம்பாங்க, "கர்த்தர் கிருபைல நல்லா இருக்கேன்"னு சொல்லோணும், அந்தப் பொய்ய ஆண்டவர் வாசல்லயே நின்னு சொல்ல எனக்கு மனசு வரல. ஜெபம் பண்ண உக்காந்தா வார்த்தையே வர்றதில்லை, கொஞ்ச நேரம் உக்காந்துட்டு எந்திரிச்சுருவேன். இவ்வளவுதான், பெருசா கேக்கறதுக்கு ஒண்ணுமில்லை. எலியா கதைய அக்கா சொன்னவிதம் நல்லா இருந்துச்சு.

பனியன்_ஊர்_அக்கா
அண்ணா, எழுதுனதுக்கு ரொம்ப நன்றிங்ணா. வார்த்தை வராம உக்காந்திருக்கறதையும் ஜெபம்னுதான் வேதமே சொல்லுது, ரோமர் 8:26 பாருங்க, நாம ஏற்றபடி வேண்டிக்கொள்ளத் தெரியாம இருக்கறப்ப ஆவியானவரே வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோட வேண்டிக்கறாரு. நீங்க உக்காந்துட்டு எந்திரிக்கற அந்த நேரம் வீண் இல்லீங்ணா. மாற்கு 2ல அந்தத் திமிர்வாதக்காரர நாலு பேரு கட்டிலோட தூக்கிட்டு வந்து கூரையப் பிரிச்சு எறக்குனாங்களே, அங்க இயேசு "அவர்கள் விசுவாசத்தை"க் கண்டாருன்னு இருக்குது. தூக்கிட்டு வந்தவங்க விசுவாசத்தையும் அவரு கணக்குல எடுத்துக்கிட்டாரு. கொஞ்ச நாளைக்கு நீங்க படுத்துக்கோங்க, நாங்க தூக்கறோம்.

ஈரோடு_நர்ஸ்
அண்ணா, நேராக் கேக்கறேன்னு தப்பா எடுத்துக்காதீங்க. தூங்கறீங்களா? சாப்பாடு எறங்குதா? செத்துப் போயிடலாம்னு நெனப்பு வருதா?

தறிக்காரன்
தூக்கம்தான் கொஞ்சம் கம்மி. சாப்படறேன். அந்த நெனப்பு இல்லீங்க, புள்ளைக இருக்குது. கேட்டதுக்கு நன்றி தாயி. இதுவரைக்கும் யாரும் இப்படி நேருக்கு நேரா கேட்டதில்லை.

ஈரோடு_நர்ஸ்
சரிங்ணா. தூக்கம் இப்படியே போச்சுன்னா பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துலயாவது ஒரு எட்டு காட்டிருங்க. அந்த நெனப்பு எப்பவாச்சும் தலை தூக்குச்சுன்னா நேரம் காலம் பாக்காம 14416 அடிங்க, அக்காவையும் எழுப்பி விடுங்க.

ஜெபவீரன்_கோவை
அண்ணா, வாக்குத்தத்தத்தை வாயால சொல்லோணும்ங்கறதுல நான் இப்பவும் உறுதியாத்தான் இருக்கேன். ஆனா அதை நீங்கதான் சொல்லோணும்னு கட்டாயம் இல்லைன்னு தோணுது. நீங்க சொல்ல முடியாத நாளுல உங்களுக்குப் பதிலா நான் சொல்றேன். வர்ற வெள்ளிக்கிழமை உபவாசத்துல உங்க குடும்பத்துக்காக 37ம் சங்கீதம் பூராவும் சத்தமா வாசிக்கப் போறேன். பேரு வேண்டாம், ஊரு வேண்டாம். நீங்க தூங்குங்க.

தாராபுரம்_வாத்தியார்
தறிக்காரத் தம்பி, காணிக்கைப் பை சங்கதிக்கு ஒரு வார்த்தை. ரெண்டு காசு போட்ட விதவைய ஆண்டவர் மெச்சுனாரு, வாஸ்தவம். ஆனா 2 கொரிந்தியர் 8:12ல ஒருத்தனுக்கு இல்லாததின்படி அல்ல, அவனுக்கு இருக்கறதின்படியே அங்கீகரிக்கப்படும்னு பவுல் எழுதி வெச்சிருக்காரு. பையை அடுத்தவன் கையில குடுத்துட்டு நிமுந்து உக்காரு சாமி. சபையில பொறுப்புல இருக்கறவங்க இதைப் படிச்சீங்கன்னா, பைய வரிசையா நீட்டறதுக்குப் பதிலா கதவு பக்கத்துல ஒரு பெட்டி வெக்கலாமான்னு யோசியுங்க. எங்க ஊர்ல அப்படித்தான் வெச்சிருக்கோம், வருமானம் ஒண்ணும் கொறஞ்சு போகல.

நாசரேத்து_மாப்ள
அண்ணே, நான் வீரபாண்டி பக்கம்தான் இருக்கேன், பல்லடம் பைக்ல ஒரு மிதி. சனிக்கிழமை சம்பளம் வாங்கிட்டு சாயங்காலம் வரட்டுமா? நானும் என் வீட்டம்மாவும். ரெண்டு பேரா போகணும்னு அந்த கருமத்தம்பட்டி சகோ சொல்லியிருக்காருல்ல. வசனம் சொல்ல மாட்டோம், நீங்களா கேட்டா ஒழிய.

தறிக்காரன்
வாங்க. வசனம் சொன்னாலும் பரவால்லை. பையன் டிப்ளமா மெக்கானிக்கல் முடிச்சுட்டு சும்மா இருக்கான், அவனுக்கு எங்கயாவது இருந்தா சொல்லுங்க, அதுதான் இப்ப அவசரம்.

பொள்ளாச்சி_தோப்பு
ஏனுங்ணா, பையன் கோயமுத்தூரு வருவானுங்களா? சிட்கோ தொழிற்பேட்டைல எனக்குத் தெரிஞ்ச பம்புசெட்டு பட்டறை ஒண்ணு இருக்குது, லேத்துக்கு ஆளு தேடிட்டு இருந்தாங்க. நாளைக்கு காலைல கேட்டுட்டு சொல்றேன், உறுதியில்லை, கேட்டுப் பாக்கறேன். மார்க் ஷீட்டு ஜெராக்ஸு ரெடியா வெக்கச் சொல்லுங்க.

பனியன்_ஊர்_அக்கா
அண்ணா, ஒண்ணு கேட்டுக்கறேன். உங்க சபை பாஸ்டருகிட்ட யாராவது சொல்லி விடட்டுங்களா, இல்லை வேண்டாமா? நீங்க சரின்னாத்தான்.

தறிக்காரன்
இப்பத்திக்கு வேண்டாங்க்கா. மாப்ள வந்துட்டுப் போகட்டும், பொறகு நானே சொல்லிக்கறேன்.

பனியன்_ஊர்_அக்கா
சரிங்ணா. யாருகிட்டயும் போகாது. மாப்ள, கெளம்பறப்ப எனக்கு ஒரு போன் போடுங்க, ராகி மாவும் கொள்ளும் ஊருல இருந்து வந்திருக்குது, ஒரு தூக்குப்போசில குழம்பும் ஊத்தித் தர்றேன், எடுத்துட்டுப் போயிருங்க.